ஒன்றரைக் கட்டை கீழே

லொரெய்ன் சமையலறையில் எல்லாப் பாட்டையும் முணுமுணுப்பாள், ஒன்றைத் தவிர. தேவாலயப் பாட்டு, வானொலி விளம்பரப் பாட்டு, பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் பாட்டு என்று எதுவானாலும் உருளைக்கிழங்குத் தோலோடு சேர்ந்து உதிரும். ஆனால் தன் கணவன் நெவில் எழுதிப் பாடிய அந்த ஒரு பாட்டு, ஹெக்கன்ஷா என்று ஓர் ஊர் இருப்பதையே இங்கிலாந்துக்குத் தெரியவைத்த பாட்டு, நாற்பத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது என்று நெவில் நினைத்துக்கொண்டிருந்தான். அதைப் பெருந்தன்மையாக மன்னித்தும் இருந்தான்.

காரணம் அதுவல்ல. அவள் பாடினால் மெதுவாகத்தான் வரும். மெதுவாக வந்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

பாட்டின் பெயர் ‘பின்கதவு திறந்திருக்கு’. எழுபத்துமூன்றாம் வருஷக் குளிர்காலத்தில், வாரத்துக்கு மூன்று நாள்தான் மின்சாரம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நெவில் அதை எழுதினான். இராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஆலையிலிருந்து வரும் அப்பாவுக்காக அம்மா பின்கதவைத் தாழிடாமல் வைத்திருப்பாள், அவ்வளவுதான் விஷயம். அவனோடு இன்னும் மூன்று பையன்கள். கம்பளக் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தை நான்கு மணி நேரத்துக்கு எடுத்து, மூன்றாவது தடவையில் சரியாக வந்ததை வைத்துக்கொண்டார்கள். கடைசி அடியில் ‘உள்ளே வா’ என்ற இடத்தில் அந்த ‘வா’வை நெவில் மேலே தூக்கிப் பதினோரு விநாடி பிடித்து நிற்பான். கிட்டார் நின்றுபோகும், டிரம் நின்றுபோகும், அவன் குரல் மட்டும் ஈரத் தெருவில் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கும். பிப்ரவரியில் இசைத்தட்டு வந்தது. நாட்டின் பட்டியலில் பதினோராம் இடம் வரைக்கும் போனது. பிறகு அந்தக் குழு கலைந்தது. டிரம் வாசித்தவன் இறந்தான், ஒருவன் ஆஸ்திரேலியா போனான், இன்னொருவன் பேசுவதை நிறுத்தினான். நெவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தான். பாட்டு மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்யாண வீடுகளில், சவ அடக்கங்களில், ஒரு தேயிலை விளம்பரத்தில், எல்லாவற்றையும்விட முக்கியமாக ஊர் ரக்பி மைதானத்தில்.

அந்த மைதானத்தில்தான் லொரெய்னின் இரகசியம் இருந்தது.

எழுபத்துநான்கில் அவளுக்குப் பதினெட்டு வயது. கிளப் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஆட்ட நாட்களில் மர கேலரியின் உச்சியில், புறாக்கூண்டு அளவுள்ள அறையில் உட்கார்ந்து, ரெக்கார்டு பிளேயரில் இசைத்தட்டு போடுவதும் அவள் வேலை. ஊர்ப் பையன்களின் பாட்டு என்பதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அதைப் போடச் சொன்னார்கள். முதல் நாளே சிக்கல். பாட்டைக் கேட்ட குஷியில் நாலாயிரம் பேர் கால்களை மரப்பலகையில் தட்ட, கேலரி அதிர்ந்து, ஊசி துள்ளித் துள்ளி விழுந்தது. லொரெய்ன் அப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்து ஊசித் தலைமேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அப்போதும் துள்ளியது. இன்னொன்று ஒட்டினாள். ஊசி அசையவில்லை. ஆனால் அந்தப் பாரத்தில் மலிவான மோட்டார் திணறி, தட்டு மெதுவாகச் சுற்றியது. பாட்டு நீண்டது, இறங்கியது. நெவிலின் குரல் சுருதியில் ஒன்றரைக் கட்டை கீழே, கனத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவனின் குரலாக மைதானத்தில் பரவியது. ஜனங்கள் கூடவே பாடினார்கள். உண்மையில் அந்த உயரத்தில்தான் கசாப்புக்கடைக்காரர்களாலும் பேருந்து நடத்துநர்களாலும் பாட முடிந்தது. அந்த நாலாயிரம் தொண்டையும் சேர்ந்து ‘வா’ என்றபோது லொரெய்னின் கைரோமம் சிலிர்த்தது. அந்தக் குரலுக்கு உரியவனை அவள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலிடம் மனசைக் கொடுத்துவிட்டாள் என்று இப்போது, அறுபத்தெட்டு வயதில், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ள முடிந்தது. தனக்குள் மட்டும்.

அந்த இலையுதிர்காலத்தில் வெளியூர்க் கச்சேரிகள் முடிந்து நெவில் ஊர் திரும்பினான், அப்பாவோடு ஆட்டம் பார்க்க வந்தான். ஒலிபெருக்கியில் தன் குரல் குடித்த மாட்டின் குரலாக வருவதையும், ஊரே அதேபோல இழுத்து இழுத்துப் பாடிவிட்டுத் தன் முதுகில் தட்டுவதையும் கேட்டான். கேலி செய்கிறார்கள் என்று முடிவுகட்டினான். மரப்படிக்கட்டின் அடியில் நின்று கிளப் செயலரிடம் மேலே இருக்கும் மடையன் யார் என்று கத்தினான். செயலர் நல்ல மனிதர். அந்த ஆள் இன்றைக்கு வரவில்லை என்றார். மேலே கதவுக்குப் பின்னால் லொரெய்ன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஆட்டத்துக்கு அவள் நட்டுகளைக் கழற்றிவிட்டாள். அதை அவள் மறக்கவே மாட்டாள். பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. ஜனங்கள் பின்னால் ஓடிப் பார்த்து, மூச்சு வாங்கி, கடைசியில் புறாக்கூண்டைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவள் இரண்டு நட்டையும் திரும்ப ஒட்டினாள். முதல் தடவை செய்தது தெரியாமல் செய்தது. இரண்டாவது தடவை செய்தது அப்படி அல்ல. அதனால்தான் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, துணி துவைக்கும் கடையில், இயந்திரம் விழுங்கிவிட்ட ஒரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்த ஒருவன் அவளிடம் பேச்சுக்கொடுத்தான். பேசும் குரல் அதே குரல், மெதுவான குரல். முதல் முறை சேர்ந்து தேநீர் குடித்தபோதே அவன் அந்த மடையனின் கதையைச் சொன்னான். அவள் அவனோடு சேர்ந்து சிரித்தாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், அது ஒரு மிடறு தேநீரோடு இறங்கிப்போயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கதை வளர்ந்தது. மடையனுக்குக் குடிப்பழக்கம் வந்தது, ஒரு காது செவிடாயிற்று, ஒரு வருஷம் அவன் பக்கத்து ஊர்க் கிளப்பின் ஒற்றனாகக்கூட இருந்தான். லொரெய்ன் எல்லாருக்கும் பட்டாணி பரிமாறிக்கொண்டே இருந்தாள். அந்தப் பாட்டு பாடப்படும் நேரத்தில் மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று நெவில் அன்றைக்கு எடுத்த சபதமும் அப்படியே நின்றது.

இந்த மார்ச்சில் கிளப்பிலிருந்து டாரன் ப்ரீஸ்ட்லி வந்தான். பாட்டுக்கு ஐம்பது வருஷம் ஆகிறது, ஏப்ரல் கடைசி ஞாயிறு ஆட்டத்தின் இடைவேளையில் நெவில் வந்து பாட வேண்டும், வியாழக்கிழமைக்குள் சொன்னால் ஆட்டத்தின் அச்சுத்தாளில் போட்டுவிடலாம் என்றான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

“எங்க அப்பா சவ அடக்கத்துல இதைத்தான் பாடினோம். நீங்க வந்தா போதும். நின்னா போதும்.”

நெவில் யோசிக்கிறேன் என்றான். அவனுக்கு ஆசை இருக்கிறது என்பது லொரெய்னுக்குத் தெரிந்தது. டாரன் போனபிறகு அவன் கோப்பையைக் கழுவி வைத்தான். ஆசை வந்தால் அவன் பாத்திரம் கழுவுவான்.

மறுநாளிலிருந்து தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. மார்ச்சில் வெட்டுவதற்குப் புல் ஏது. நெவில் இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி ஓடவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் நின்று பாடிப் பார்த்தான். லொரெய்ன் சமையலறை ஜன்னலைக் கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். எல்லா அடியும் வந்தது. ‘உள்ளே’ வந்தது. ‘வா’ வரவில்லை. ஏறும்போதே பிளந்து, இருமலாக முடிந்தது. திரும்பத் திரும்ப. நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ஏம்ப்பா நெவில், புல்லை வெட்டறியா, இல்ல பாட்டுப் பாடித் தூங்க வைக்கறியா?” என்று கேட்டாள். அதோடு இயந்திரம் நின்றது.

புதன்கிழமை மதியம் அவன் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தொண்டை சரியில்லை என்று டாரனிடம் சொல்லப்போவதாகச் சொன்னான். லொரெய்ன் துணி மடித்துக்கொண்டே, ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல, கீழே இறக்கிப் பாடினால் என்ன, மைதானத்தில் அப்படித்தானே பாடுகிறார்கள் என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, அதுதான் அவளைக் குத்தியது. “என்னைக் கேலி பண்ண ஊர் கண்டுபிடிச்ச பாட்டு அது. இந்த வயசுல அதை நானே போய்ப் பாடணுமா? முடியாம இறக்கிட்டான் கிழவன்னு அதையும் சேர்த்துச் சிரிக்கட்டும்னா?”

ஐம்பது வருஷமாக இவன் இதைச் சுமந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கிறிஸ்துமஸ் கதையில் மடையன்தான் பெரிதாகிக்கொண்டே போனான். அந்த நாலாயிரம் பேரைப் பற்றி நெவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வலி அங்கே இருந்திருக்கிறது. அது கேலி இல்லை என்று உலகத்தில் சாட்சி சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

மாடிக்குப் போனாள். பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்தாள். பொத்தான்களுக்கு அடியிலிருந்து இரண்டு பித்தளை நட்டை எடுத்து அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

“நெவ், அந்த மடையன் நான்தான்.”

அவனுக்கு எந்த மடையன் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் நின்றுகொண்டே சொன்னாள். கேலரி அதிர்ந்தது, ஊசி துள்ளியது, செயலர் பொய் சொன்னது. அவசரமாக, வரிசையில்லாமல் சொன்னாள். கழற்றிய நாளைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் நிதானத்துக்கு வந்தது.

“கழட்டிட்டேன். நீ கோவப்பட்டேன்னு கழட்டிட்டேன். அவங்களால பாட முடியல நெவ். கத்தினாங்க. அவங்க பாட்டை யாரோ திருடிட்ட மாதிரி கத்தினாங்க. அதனாலதான் மறுபடி ஒட்டினேன். யாரும் உன்னைக் கேலி பண்ணல. நான் மேலேர்ந்து எல்லார் மூஞ்சியையும் பார்த்திருக்கேன்.”

நெவில் ஒரு நட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் துளை வழியாக அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, கோட்டைக்கூடப் போடாமல், பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனான்.

அவள் மிச்சத் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பயம் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பயம் இல்லை. நாற்பத்தேழு வருஷம் ஒரு காலைக் கொஞ்சம் மடக்கியே நடந்தவள் நேராக ஊன்றிப் பார்ப்பதுபோல இருந்தது. அவன் போய்விட்டாலும் இந்தக் கால் இனி மடங்காது என்று நினைத்தாள். உடனே, அவன் எங்கே போவான், கோட்டு இங்கே தொங்குகிறது என்றும் நினைத்தாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவன் மூக்கு சிவந்திருந்தது.

“ஒரு நட்டா, ரெண்டா?”

“ரெண்டு.”

“ரெண்டுக்கு எவ்வளவு இறங்கும்? ஒன்னரைக் கட்டை இருக்குமா?”

“எனக்கென்ன தெரியும். நீதான் பாட்டுக்காரன்.”

பரணில் இருக்கும் பழைய பிளேயரில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றான்.  ஏற்கெனவே நனைந்தாயிற்று என்று லொரெய்ன், அது பழம்பொருள் விற்பனையில் வாங்கியது இல்லை, கிளப்பில் வீசியெறிந்தபோது தூக்கிக்கொண்டு வந்த அதே பிளேயர் என்று சொல்லிவிட்டாள். நெவில் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இன்னும் எத்தனை பொய் பாக்கி இருக்கு?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “கிறிஸ்துமஸுக்கு நான் போடற வெங்காய ஊறுகாய்.”

“அதுக்கென்ன?”

“கடையில வாங்கறது.”

அப்போதுதான் அவன் சிரித்தான். வாய்விட்டு, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். மடையனைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ஊறுகாயைப் பற்றித் தேவாலயத்தில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா என்றான்.

பிளேயரைச் சமையலறை மேசையில் வைத்தார்கள். மோட்டார் தும்மிவிட்டு ஓடியது. லொரெய்னின் விரல்கள் பிளாஸ்திரியை ஐம்பது வருஷம் முந்தைய கோணத்திலேயே ஒட்டின. ஊசியை இறக்கினாள். கனத்த, மெதுவான அந்தக் குரல் பாத்திரங்களுக்கு நடுவே எழுந்தது. நெவில் தலையைச் சாய்த்துக் கேட்டான், முதல் தடவையாகக் கேட்டான், அன்றைக்கு அவன் கேட்டது தன் அவமானத்தைத்தான். இரண்டாம் அடி முடியும்போது கிட்டாரை மடியில் எடுத்து, ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி, தட்டோடு ஒத்துப்போகும் வரை இறக்கினான்.

“இது என் குரல்தான்,” என்றான். “இப்போ இருக்கிற குரல்.”

அவனும் கூடப் பாடினான். ‘உள்ளே’ வந்ததும் கிட்டாரைக் கையால் பொத்தி நிறுத்திவிட்டான். மேலே போகவில்லை. அந்த இடத்தை மைதானத்தில் பார்த்துக்கொள்வோம், இங்கே வந்துவிட்டால் அங்கே வராது, அங்கே வராவிட்டால் இங்கே வந்து என்ன பயன் என்றான். அவள் எவ்வளவு கேட்டும் மசியவில்லை. பிறகு டாரனுக்குத் தொலைபேசி செய்தான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு வெயில் அடித்தது. மர கேலரி போய் இப்போது கான்கிரீட் கேலரி. லொரெய்னும் ஜாய்ஸும் ஆறாம் வரிசையில், மடியில் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம், பக்கத்தில் தேநீர்க் குடுவை. ஹெக்கன்ஷா ஆறு புள்ளி பின்தங்கியிருந்தது, அதனால் ஜாய்ஸ் நடுவரின் குடும்பத்தையே விசாரித்துக்கொண்டிருந்தாள். இடைவேளை ஊதினார்கள். புல்வெளி நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மைக். நெவில் கிட்டாரோடு நடந்து வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். அவ்வளவு பெரிய பச்சையில் சின்னதாகத் தெரிந்தான். லொரெய்னுக்குக் கையில் இருந்த அப்பம் கனத்தது.

ஐந்தாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அவன் மைக்கைச் சரிசெய்தான்.

“அம்பது வருஷமா என் பாட்டைத் தப்பாப் பாடறீங்க.”

கேலரி குஷியாக ஊளையிட்டது. அவன் கையை உயர்த்தினான்.

“உங்க மேல தப்பில்ல. அன்னைக்கு மேல உக்காந்து ஊசி மேல நட்டை வச்சு ஒட்டி, பாட்டை மெதுவாக்கின மடையன் யாருன்னு போன மாசம்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஆறாவது வரிசை, நீலத் தொப்பி. நாப்பத்தேழு வருஷமா என்கூடத்தான் குடித்தனம் பண்றா.”

சிரிப்பு வரிசை வரிசையாக ஏறியது. தலைகள் திரும்பின. ஜாய்ஸ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “அடிப்பாவி, நீயா?” என்றாள். யாரோ பின்னாலிருந்து லொரெய்னின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவளுக்குத் தொப்பியைக் கழற்றி மடியில் ஒளிக்கத் தோன்றியது. கழற்றவில்லை.

நெவில் முதல் கம்பியைத் தட்டினான். ஒன்றரைக் கட்டை கீழே. கூட்டம் தொடங்கியது. அவன் பிளேயரை வைத்துப் பழகியிருந்தான், ஆனால் ஐந்தாயிரம் பேர் இரண்டு நட்டைவிட மெதுவாக இருந்தார்கள். முதல் அடியில் அவன் அவர்களுக்கு முன்னால் போய் விழுந்தான். இரண்டாம் அடியில் நின்று காத்திருந்தான். மூன்றாம் அடியில் அவர்களோடு இருந்தான், ஆற்றில் இறங்கியவன் நீச்சலை விட்டுவிட்டு மிதப்பதுபோல.

‘உள்ளே’ வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். அது வழக்கம்தான், அந்த இடத்தில் மைதானமே ஒரு முறை மூச்சு இழுக்கும். லொரெய்ன் நெவிலின் தொண்டையைப் பார்த்தாள், அத்தனை தூரத்தில் தெரியாது என்று தெரிந்தும்.

‘வா’ என்றான். அது பிளக்கவில்லை. ஏற வேண்டிய உயரம் அவன் நிற்கும் இடத்திலிருந்து ஒரு படிதான் இருந்தது. ஏறி நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கேலரி முழுவதும் அந்த ‘வா’வில் சேர்ந்துகொண்டது. பதினோரு விநாடியெல்லாம் யாரும் எண்ணவில்லை.

மூன்றாவது விநாடியிலோ நான்காவதிலோ ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு குரல் அவள் முன்பு கேட்டதேயில்லாத வகையில் வந்துகொண்டிருந்தது. லொரெய்ன் பாடிக்கொண்டிருந்தாள். மெதுவாக, கீழே, வாயை முழுக்கத் திறந்து. அடித்தொண்டையில் ஐம்பது வருஷம் இருந்த பாட்டு, வழி தெரிந்த மாதிரி வெளியே வந்தது.

மறுபாதியில் ஹெக்கன்ஷா இரண்டு புள்ளியில் தோற்றது. வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் ஜாய்ஸ் நடுவரைத் திட்டினாள். நெவில் லொரெய்னின் கையைப் பிடித்திருந்தான். அந்தப் பக்கத்து ஊர் ஒற்றன் கதையை இனி எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டான். அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப மெதுவாப் பாடறே,” என்றான் அவன்.

“நீதான் வேகமா நடக்கறே,” என்றாள்.